நோய்ப்படுக்கையும் வண்ணக்கோலும்

மாதுங்கா நிலையத்தில் மின்ரயில் ஏறித் தெற்கு நோக்கிச் சென்றால், தாதருக்கு அடுத்து வருவது பரேல். அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில் மூன்று பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. 1926-இல் தொடங்கிய கே. இ. எம். மருத்துவமனை ஒன்று, 1929-இல் தோன்றிய பாய் ஜெர்பாய் வாடியா குழந்தைகள் மருத்துவமனை மற்றொன்று, 1941 பிப்ரவரி 28 அன்று திறந்துவைக்கப்பெற்ற டாட்டா நினைவு மருத்துவமனை மூன்றாவது. தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ் மக்களுக்கு இப்பெயர்கள் புதியன அல்ல. உற்றார் ஒருவரைக் காணப் பழப்பையும் பிளாஸ்க்கும் கையுமாக அப்பக்கம் போய் வராத தமிழ்க் குடும்பம் மும்பையில் அரிது. ஆயினும், உறவினராக அன்றி, வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் அங்கே சென்று, கடும் நோயுற்ற குழந்தைகளுடன் அமர்ந்து படம் வரையும் தொண்டு ஒன்று உண்டு என்பதை நம்மவரில் பலர் அறியார். அத்தொண்டைப் பற்றியே இங்குப் பேச விழைகிறோம்.

டாட்டா மருத்துவமனை ஒரு குடும்பத்தின் துயரத்திலிருந்து பிறந்தது. சர் தோராப்ஜி டாட்டாவின் மனைவியார் மெஹர்பாய் 1931-இல் இரத்தப் புற்றுநோயால் காலமானார். மறு ஆண்டில் கணவரும் மறைந்தார். அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளையே பரேலில் இம்மருத்துவமனையை எழுப்பிற்று. 1962-இல் இது மத்திய அரசின் அணுசக்தித் துறையின் பொறுப்பில் வந்தது. நம் சென்னை அடையாற்றில் 1954-இல் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியதற்கும் இத்தகைய துயரமே காரணம் என்பதைத் தமிழர் மறந்திருக்க மாட்டார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் தம் தங்கையை அந்நோய்க்குப் பறிகொடுத்தவர்.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 லட்சம் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. செல்வ நாடுகளில் அவர்களுள் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணமடைகின்றனர். வருவாய் குறைந்த நாடுகள் பலவற்றில் 30 பேர்கூடத் தேறுவதில்லை. இந்த வேற்றுமையைக் குறைத்து, 2030-க்குள் நூற்றுக்கு 60 பேராவது பிழைக்க வேண்டும் என்னும் குறிக்கோளுடன் அந்நிறுவனம் 2018-இல் ஒரு முயற்சியைத் தொடங்கியது. படம் வரைவதால் புற்று கரையும் என்று எவரும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. மருந்து செய்ய வேண்டியதை மருந்துதான் செய்யும். படத்தின் வேலை வேறு.

அது யாதென அறிய, அக்குழந்தையின் ஒரு நாளை எண்ணிப் பார்க்க வேண்டும். குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீள்கிறது. பீகாரிலிருந்தோ வங்கத்திலிருந்தோ ரயிலேறி வந்த ஒரு சிறுவன் காலையில் விரலில் குத்து வாங்குகிறான். இரத்த அளவு தெரியும்வரை காத்திருக்கிறான். முதுகுத் தண்டில் ஊசி போட வேண்டிய நாளாயின் வெறும் வயிற்றுடன் காத்திருக்கிறான். பிறகு மணிக்கணக்கில் ‘டிரிப்ஸ்’ ஏறுகிறது. வாயைத் திற, கையை நீட்டு, அசையாதே, அழாதே, இதை விழுங்கு என்று எல்லோரும் அவனுக்குக் கட்டளையிடுகிறார்கள். அவர்கள் அனைவரும் அவன்மீது அன்பு கொண்டவர்களே. எனினும் அவனைக் கேட்டு எதுவும் நடப்பதில்லை. தலைமுடி உதிர்வதற்கு அவன் சம்மதம் தேவைப்படவில்லை. பள்ளியும் தெருவும் நண்பரும் போனதற்கும் தேவைப்படவில்லை. ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு அவ்விடத்தில் மதிப்பே கிடையாது.

இந்நிலையில் ஒருவர் வந்து, ‘தம்பி, இன்றைக்குப் படம் போடலாமா? சிவப்பா, நீலமா?’ என்று கேட்கிறார். அவன் ‘வேண்டாம்’ என்கிறான். ‘சரி’ என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார். தொண்டு அந்தக் கணத்திலேயே தொடங்கிவிட்டது என்போம். அவன் சொன்ன ‘வேண்டாம்’ அன்று முதன்முறையாகச் செல்லுபடியாயிற்று. அடுத்த வாரம் அவனே தலையைத் தூக்கிப் பார்ப்பான். அல்லது பார்க்கவே மாட்டான். இரண்டும் அவன் உரிமை. இத்தொண்டின் பயன் முழுவதும் குழந்தையின் கையில் ஒரு முடிவை ஒப்படைப்பதில்தான் இருக்கிறது. அழகிய படம் கிடைப்பது உபரி. இதனை அறியாமல் வருகிற ஆர்வலர் குழந்தையின் விரலைப் பிடித்துச் சூரியன் வரைவிப்பார். அவர் நல்லவரேயாயினும் கட்டளையிடுவோர் வரிசையில் இன்னொருவராகவே ஆகிறார்.

படுக்கையில் இருப்போருக்குச் சித்திரம் துணையாகும் என்பது நெடுநாட்களாக அறியப்பட்ட செய்தியே. முதலாம் உலகப் போரில் போர்முனைச் சித்திரங்கள் தீட்டிய ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர், 1938-இல் காசநோயுற்று இங்கிலாந்தின் மிட்ஹர்ஸ்ட் என்னும் ஊர்ச் சானடோரியத்தில் படுத்திருந்தார். பொழுது போகாமல், கட்டிலருகே கண்ணுக்கு எட்டியவற்றையெல்லாம் வரைந்தார். பின்னர் உடன் இருந்த நோயாளிகளையும் வரையத் தூண்டினார். இன்று உலகெங்கும் வழங்கும் ‘கலைச் சிகிச்சை’ என்ற தொடரை 1942-இல் ஆக்கியவர் அவரே. 1945-இல் அதுபற்றி ஒரு நூலும் எழுதினார். கலைச் சிகிச்சை இப்பொழுது தனிக் கல்வியும் பயிற்சியும் வேண்டும் ஒரு தொழில். வாரம் ஒருமுறை செல்லும் தொண்டர் அத்தொழிலைச் செய்பவர் அல்லர். அவர் குழந்தையோடு உட்கார்ந்து வரைபவர், அவ்வளவே. இந்த எல்லையை மறவாதிருத்தல் இருவருக்கும் நலம்.

நம் நாட்டிலேயே ஒரு சான்று வேண்டுமாயின், இரவீந்திரநாத் தாகூர் 1911-இல் எழுதிய ‘டாக் கர்’, அதாவது ‘அஞ்சல் நிலையம்’, என்ற நாடகத்தை நினைத்துப் பார்க்கலாம். அமல் என்னும் சிறுவன் நோயுற்றிருக்கிறான். வெளியே போகலாகாது என்பது வைத்தியரின் ஆணை. சன்னலோரம் அமர்ந்து, தெருவில் போகும் தயிர்க்காரனையும் காவற்காரனையும் பூப்பறிக்கும் சிறுமியையும் அழைத்துப் பேசுகிறான். தயிர்க்காரனால் அவன் நோயைத் தீர்க்க முடியாது. ஆனால் அவன் தன் வேலையை விட்டு நின்றான். சிறுவன் கேட்டதற்கு விடை சொன்னான். போலந்து நாட்டுக் குழந்தை மருத்துவரும் ஆசிரியருமான யானுஷ் கோர்ச்சாக், வார்சாவில் நாஜிகளின் காவலுக்குள் அடைபட்டிருந்த தம் அனாதை இல்லத்துக் குழந்தைகளைக் கொண்டு இந்த நாடகத்தை 1942 ஜூலை 18 அன்று நடிக்கச் செய்தார். அடுத்த மாதமே அவரும் அக்குழந்தைகளும் கொலைக்களத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மருத்துவரான ஒருவர் அவ்வேளையில் இந்தத் தயிர்க்காரனைத் தேடி எடுத்தார் என்பது எண்ணத்தக்கது.

இனி நடைமுறைக்கு வருவோம். இதில் விவரமே முக்கியம்.

புற்றுநோய் மருந்துகளால் உடலின் எதிர்ப்பாற்றல் குன்றுகிறது. நமக்குச் சாதாரணமான சளி அக்குழந்தைக்கு உயிராபத்து ஆகலாம். ஆகவே தும்மலோ தொண்டைக் கரகரப்போ உள்ள தொண்டர் அன்று வீட்டிலேயே இருந்துவிட வேண்டும். ‘வாக்குக் கொடுத்துவிட்டோமே’ என்று போவது அறியாமை. ஒவ்வொரு குழந்தையிடமிருந்து அடுத்த குழந்தையிடம் செல்லும்போதும் கைகழுவுதல் கட்டாயம். வண்ணக்கோல்கள் கைக்குக் கை மாறலாகாது. குழந்தை ஒவ்வொன்றுக்கும் பெயரெழுதிய தனிப்பெட்டி வேண்டும். களிமண், உலர்ந்த பூ, இலைச்சருகு ஆகியவற்றில் பூஞ்சை ஒளிந்திருக்கும் என்பதால் அவற்றை வார்டுக்குள் கொண்டுசெல்லக் கூடாது. தாராவிக் கும்பார்வாடாவின் மண் எவ்வளவு அழகாயினும் அது வாசலோடு நிற்க வேண்டியதே. வாசனை கமழும் பசையும் எண்ணெய் வண்ணமும் குமட்டலைக் கிளப்பும். இரத்தத்தில் பிளேட்லெட் குறைந்த குழந்தைக்குச் சிறு கீறலும் தீங்காதலின் கூரிய கத்தரிக்கோல் ஆகாது. வின்கிறிஸ்டீன் என்ற மருந்து சிலருக்கு விரல்களின் வலுவைக் குறைத்துவிடும். அவர்களால் மெல்லிய பென்சிலைப் பற்ற இயலாது. பருமனான மெழுகுக்கோல் கொடுத்தால் அழுத்தாமலே நிறம் பதியும். ஊசி குத்திய கை வலக்கையாயின், இடக்கையால் வரைவதை ஒரு விளையாட்டாக ஆக்கலாம். தொண்டரும் இடக்கையால் வரைந்து காட்டினால் இருவர் படமும் ஒரேயளவு கோணலாக இருக்கும். படுத்தபடியே வரைய, தாளைக் கவ்விப் பிடிக்கும் அட்டைப்பலகை ஒன்று போதும்.

ஸ்டீராய்டு மருந்து உண்ணும் நாட்களில் குழந்தைக்குப் பசியும் சினமும் மிகும். தாளைக் கிழித்தெறியும். கிழித்த தாள்களை ஒட்டிப் படமாக்கலாமே என்று உடனே ஓடிவருவதும் சில வேளை தொல்லையே. கிழிக்கட்டும். இன்னொரு தாள் இருக்கிறது.

வயதையும் கருத வேண்டும். பதினைந்து வயதுப் பையனிடம் வாத்துப்படம் அச்சிட்ட புத்தகத்தைக் கொடுத்து ‘வண்ணம் தீட்டு கண்ணா’ என்போரை நாம் கண்டதுண்டு. அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வதில் வியப்பென்ன? அவனுக்கு நல்ல கறுப்புப் பேனாவும் வரிக்கோடில்லாத நோட்டும் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் வந்துவிட வேண்டும். மூன்று வயதுக் குழந்தைக்கோ படம் என்பது கோடு ஓடும் இன்பமே. ‘இது என்ன?’ என்று அதைக் கேட்காதிருத்தல் நன்று.

களைத்த குழந்தைக்கு வெள்ளைத்தாள் ஒரு பாரம். எங்கே தொடங்குவதென்று தெரியாது. இங்கேதான் தமிழ்ப் பெண்டிரின் கைவழக்கம் ஒன்று அருந்துணை ஆகிறது. தாளில் ஐந்து புள்ளி, நான்கு புள்ளி, மூன்று புள்ளி என்று வைத்துக் கொடுத்துவிட்டால் குழந்தை அவற்றை இணைத்தால் போதும். சுற்றி வளைத்துக் கொண்டுவந்தாலும் போதும். வலு சிறிதே வேண்டும்; எந்தப் புள்ளியிலிருந்து போவது என்ற முடிவோ முழுவதும் குழந்தையுடையது. மாக்கோலத்தின் பொடி வார்டுக்கு ஆகாது. தாளும் பேனாவும் போதும். இந்தியோ மராத்தியோ சரளமாக வராதே என்று தயங்கும் நம் சகோதரிகள் இதனைக் கருதிப் பார்க்கலாம். பரேலுக்கு வரும் குழந்தைகளில் பலர் வட மாநிலத்தவர். அவர்தம் தாய்மாருக்கும் மும்பையின் மொழி அன்னியமே. மிதிலைப் பகுதியிலிருந்து வந்த தாய் ஒருத்தியிடம் ஒரு தாளை நீட்டினால், வீட்டுச் சுவரில் மீனும் மயிலும் தாமரையும் எழுதிப் பழகிய கையாக அது இருக்கக்கூடும். தாய்க்கும் ஒரு தாள் கொடுப்பது நல்ல வழக்கம். மாதக்கணக்கில் அவளும் கட்டிலருகே காத்திருக்கிறாள். அவளை யாரும் ‘சிவப்பா, நீலமா’ என்று கேட்பதில்லை.

குழந்தை வரைந்த படத்துக்குப் பொருள் சொல்லப் புகுதல் பெருந்தவறு. கறுப்புச் சூரியனைக் கண்டதும் ‘ஐயோ, சாவை நினைக்கிறது’ என்று தாயின் காதில் கிசுகிசுப்பவர் உண்டு. மஞ்சள் கோல் கட்டிலுக்கடியில் உருண்டு போயிருக்கலாம். மொழிபெயர்ப்பில் காலம் கழிக்கும் நமக்கு இது பழகிய கட்டுப்பாடு; மூலத்தில் இல்லாததைச் சேர்க்கும் உரிமை நமக்கில்லை. குழந்தை தானே ஏதேனும் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். அச்சமோ வலியோ வெளிப்படுமாறு அது பேசினால், செவிலியரிடமோ மனநல ஆலோசகரிடமோ தெரிவிப்பதே கடன். ‘சீக்கிரம் சரியாகிவிடும்’ என்ற உறுதிமொழியும் வேண்டாம். அதைச் சொல்லத் தக்கவர் மருத்துவர் ஒருவரே, அவரும் எப்போதும் சொல்வதில்லை.

பிறந்தநாள் கொண்டாட்டக்காரரைப் பற்றியும் ஒரு சொல். தம் குழந்தையின் பிறந்தநாளன்று பரிவாரத்துடன் வந்து, நோயுற்ற குழந்தைகளுக்குப் பிஸ்கத்தும் வண்ணப்பெட்டியும் வழங்கி, அவர்களை அணைத்தபடி புகைப்படம் எடுத்துக்கொண்டு, முக்கால் மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். கொடுக்கும் மனத்தைக் குறைகூற மாட்டோம். ஆனால் முடியிழந்த தலையுடன் அன்னியர் கைப்பேசியில் இடம்பெற அக்குழந்தை சம்மதித்ததா? வண்ணப்பெட்டியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போனால் அது வேண்டிய கைக்குச் சேரும். ஆண்டுக்கொரு முறை வரும் இருபது பேரைவிட, வியாழக்கிழமை மூன்று மணி என்றால் வியாழக்கிழமை மூன்று மணிக்கு வரும் ஒருவர் அங்கே மேலானவர். நாள்கிழமை மறந்துபோகும் இடத்தில் அவரே ஒரு கிழமை ஆகிறார்.

தாராவிக்கு அணித்தான சயான் மருத்துவமனையில் தாலசீமியா என்னும் பரம்பரை இரத்தக் குறைநோயுள்ள குழந்தைகளுக்கு இரத்தம் ஏற்றப்படுகிறது. எலும்பு மஜ்ஜை மாற்று இன்றேல், இவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வாழ்நாள் முழுதும் இரத்தம் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் பல மணி நேரம் ஆகும். இத்தகைய குழந்தையுடன் தொண்டர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் பழகலாம். ஐந்து வயதில் கிறுக்கியதும் பன்னிரண்டு வயதில் தீட்டியதும் ஒரே நோட்டில் இருக்கும்.

காகிதம் மடிக்கும் கலையும் இவ்விடத்துக்கு ஏற்றது. கத்தரியும் பசையும் வேண்டாம். மருத்துவமனையில் காகிதம் மடித்தவர்களுள் உலகறிந்தவள் ஹிரோஷிமாவின் சடாகோ சசாகி. அணுகுண்டு விழுந்த 1945-இல் அவள் இரண்டு வயதுக் குழந்தை. 1955-இல் இரத்தப் புற்றுநோயுடன் மருத்துவமனை சேர்ந்தாள். நகோயா நகரத்தார் அங்குள்ள நோயாளிகளுக்கு அனுப்பிய காகிதக் கொக்குகளைக் கண்டு தானும் மடிக்கத் தொடங்கினாள். தாள் அரிதாகையால் மருந்து சுற்றிவந்த காகிதத்தையும் விடவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 25 அன்று, பன்னிரண்டு வயதில் இறந்தாள். ஆயிரம் கொக்கு மடித்தால் வேண்டியது கிட்டும் என்பது ஜப்பானியர் நம்பிக்கை. இக்கதையை நோயுற்ற குழந்தைகளிடம் சொல்லிக் கொக்கு மடிக்கக் கற்பிப்போர் உளர். நாம் கதையை விட்டுவிட்டுக் கொக்கை மட்டும் கற்பிக்கச் சொல்வோம். நம் காகிதக் கப்பலும் இருக்கிறது. மும்பையின் ஆடி மழையில் அதற்குச் சன்னலுக்கு வெளியே கடலே உண்டு.

சில குழந்தைகள் திரும்பி வருவதில்லை. வியாழனன்று பெட்டியுடன் போனால், கட்டிலில் வேறொரு குழந்தை படுத்திருக்கும். ஊருக்குப் போயிருக்கலாம், வேறு வார்டுக்கு மாறியிருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். அதைச் செவிலியரிடம் தனியே கேட்க வேண்டும். குழந்தைகள் முன் கேட்கலாகாது. பக்கத்துக் கட்டில் குழந்தை ‘அவன் எங்கே?’ என்று நம்மையே கேட்டால் பொய் சொல்லக் கூடாது. முழுவதையும் நாமே சொல்லிவிடவும் கூடாது. ‘உன் நர்ஸ் அக்காவிடம் சேர்ந்து கேட்போம்’ என்பது தகும். மறைந்த குழந்தையின் படங்கள் தாய்க்கு உரியவை. அவள் வேண்டும்போது கொடுக்க எடுத்து வைத்திருக்க வேண்டும். தொண்டருக்கும் துயரம் உண்டு. அதைப் பகிர்ந்துகொள்ளப் பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறாரா என்பதைச் சேரும் நாளிலேயே கேட்டறிதல் நன்று. இரண்டு வாரம் ஓய்ந்திருந்து மீண்டும் வருவோர் உண்டு. வர இயலாதோரையும் எவரும் குறைசொல்வதில்லை.

இத்தொண்டில் சேர விரும்புவோர் தாமாக வார்டுக்குள் நுழைதல் இயலாது. மருத்துவமனையின் சமூகப் பணித் துறையினரையோ, இப்பணியில் ஈடுபட்ட நிறுவனங்களையோ முதலில் அணுக வேண்டும். 1951-இல் டாக்டர் ஜுசாவாலாவும் நவல் டாடாவும் தோற்றுவித்த இந்தியப் புற்றுநோய்ச் சங்கமும், 1969-இல் எழுந்த புற்றுநோயாளர் உதவிச் சங்கமும், 1994-இல் தொடங்கிய ‘வீ கேர்’ அமைப்பும் மும்பையில் உள்ளன. வெளியூரிலிருந்து வந்து பரேல் நடைபாதையில் தங்க நேரும் குடும்பங்களின் நிலை கண்டு 2006-இல் தோன்றிய செயின்ட் ஜூட் இல்லங்கள், சிகிச்சை முடியும்வரை குழந்தைக்கும் பெற்றோருக்கும் கட்டணமின்றி இடம் தருகின்றன. காட்டன் கிரீனில் அவற்றின் பெரிய வளாகம் ஒன்று இருக்கிறது. வார்டின் மருந்து நெடியைத் தாங்க முடியாதவர்கள் இத்தகைய இல்லங்களில் தொடங்கலாம். அங்கே குழந்தை எழுந்து உட்கார்ந்திருக்கும், மேசையும் இருக்கும். ஓவியம் கற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இல்லை. நன்கு வரையத் தெரிந்தவர் தம் திறமையைச் சற்று மறைத்துக்கொள்ளவும் பழக வேண்டும். அவர் யானையைக் கண்டபின் குழந்தை தன் யானையை அழித்துவிடும்.

கொண்டுபோக வேண்டியவை சிலவே. துடைக்கத்தக்க பிளாஸ்டிக் பெட்டி, பருமனான மெழுகுக்கோல்கள், அட்டைப்பலகை, தடித்த தாள், பெயரெழுத ஒட்டுச்சீட்டு. இடையில் ஊழியர் வந்து குழந்தையை ஊசி அறைக்கு அழைத்துச் செல்வார். படம் பாதியில் நின்றுவிடும். அதை நாம் முடித்துவிடக் கூடாது. பின்புறம் பெயரும் தேதியும் குறித்து, எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று குழந்தை சொல்லியிருந்தால் அதையும் பென்சிலால் எழுதி, அதன் பெட்டியிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். அடுத்த வியாழனன்று குழந்தை அதே நிறத்தைக் கேட்கலாம். வேறு நிறம் என்றாலும் சரி.